கஞ்சியில் ஒரு சொட்டு அயோடின்

1937 அக்டோபர் 19, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். பின்சுவர் முழுக்க ஓதம். மழை சற்று விட்டதும் என் வீட்டுக்காரி பேச்சியை விறகுக்கடைக்குக் கூட்டிப்போய்த் தராசில் நிறுத்தேன். நாலு மணங்கு, இரண்டு வீசை (மணங்குக்கு எட்டு வீசை). சித்திரையில் விளையாட்டாக அதே தராசில் ஏறியபோது ஐந்து மணங்கு முழுசாக இருந்தாள். ஆறு மாதத்தில் ஆறு வீசை எங்கே போயிற்று?

விறகுக்கடை ராமு வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை. "என்னக்கா, மழையில நனைஞ்சா விறகெல்லாம் எடை கூடுது, நீங்க நனைஞ்சு வந்தும் குறையிறீகளே!"

பேச்சி விடுவாளா. "உன் தராசுல கூடுறது விறகா, உன் பெருவிரலான்னு எனக்குத் தெரியும்டா."

தின்பதில் குறைவில்லை. காலையில் ஒரு சட்டி பழையது. மதியம் இரண்டு ஆள் சோறு. ராத்திரிக்கும் அதே. ஒரு குடம் தண்ணீர் பொழுது சாய்வதற்குள் காலி. சாப்பிட்டதும் ஏப்பம், வயிறு கல்லாக இருக்கிறது என்கிறாள். இவ்வளவு போயும் உடம்பில் ஒட்டவில்லை. ஆகவே அரிசி உள்ளே உடையாமல் போகிறது. வேறு காரணம் இருக்க முடியாது.

மாவு எப்படி உடையும் என்று எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம். மில்லில் வெளுக்காத கோராத் துணியிலிருந்து நெசவுக் கஞ்சியை இறக்கும் தொட்டியில் இருபத்தொரு வருடம் நின்றவன். வேலையை விட்டு அனுப்பும்போது மில் மானேஜர் சீட்டில் 'கூலி' என்று எழுதினான். மேஸ்திரி என்று எழுதக் கை வரவில்லை. அதை மாற்றச் சொல்லி இதுவரை நாலு மனு. பதில் இல்லை. ஐந்தாவது பாதியில் நிற்கிறது.

பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை மறுபடியும் நம் பக்கம் திருப்பியிருக்கிறான். நாளைக் காலை முதல் வேலை அது.

அக்டோபர் 21, வியாழன்

டவுனுக்கு நடந்தே போனோம். வழியில் பேச்சி மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம்.

டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். கேள்வி எல்லாம் அவளிடம். பதில் நான் சொன்னேன். ஏப்பத்துக்கு ஒரு தூள், சாப்பாட்டுக்குப் பின் ஒரு பொட்டலம். சீட்டை வாங்கிப் படித்தேன். டயாஸ்டேஸ். (இனி டய.)

"இது எனக்குத் தெரியும். மில்லுல இதே சரக்கு, முளைகட்டுன பார்லி மால்ட்டுல எடுத்தது, தொட்டி தொட்டியா ஊத்தியிருக்கேன்" என்றேன்.

கம்பவுண்டர் பல்லைக் காட்டினான். "அப்ப பெரியவர் துணிக்கு டாக்டருன்னு சொல்லுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் அவனைக் கண்டிக்கவும் இல்லை. "பெரியவரே, உங்க தொட்டி வேற, வயிறு வேற. தூள் இப்போதைக்குத்தான். நாளைக்குக் காலைல அம்மாவோட முதல் மூத்திரத்த சுத்தமான சீசாவுல கொண்டாங்க, பார்த்துட்டுச் சொல்றேன்."

வயிற்றுக்கு வழி கேட்டுப் போனால் மூத்திரம் கேட்கிறான். அதையும் அந்தக் கம்பவுண்டர் கையில் கொடுக்க வேண்டும். போவதாக இல்லை. தூள் இருக்கிறது, போதும். இங்கிலீஷ் மருந்துக் கடையில் இன்னும் ஒரு டப்பா டய., ஒரு சீசா டிங்சர் அயோடின்.

அக்டோபர் 22, வெள்ளி

வெயில். வேலை நடந்தது. மில்லில் செய்தபடியே. கஞ்சியில் அயோடின் ஒரு சொட்டு விட்டால் மாவு இருக்கும் வரை நீலம். மாவு உடைந்துவிட்டால் நீலம் வராது. சூட்டில் விடக்கூடாது, சூட்டில் நீலம் தானே மறைந்து ஆளை ஏமாற்றும். ஆறவிட்டு விட வேண்டும். இது தெரியாமல் இரண்டு பட்டதாரிப் பையன்கள் மில்லில் ஒரு கட்டுத் துணியைக் கெடுத்தார்கள். பழி என்மேல்.

வெறும் கஞ்சி: நீலம்.

கை பொறுக்கும் சூட்டில் கஞ்சி, டய. ஒரு சிட்டிகை, அரை மணி: நீலம் இல்லை. கஞ்சி தண்ணீராக இளகிவிட்டது.

கொதிக்கும் கஞ்சியில் டய.: நீலம். தூள் வெந்து செத்துவிட்டது.

கஞ்சியில் எலுமிச்சை பிழிந்து டய.: ஒரு மணி கழித்தும் நீலம். புளிப்பிலும் சாகிறது.

தூள் உண்மையான சரக்கு. டாக்டரின் முறைதான் தப்பு. வயிற்றுக்குள் புளிப்பு இருக்கிறது என்று நான் படித்த புத்தகமே சொல்கிறது. விழுங்கினால் பாதி அங்கேயே சாகும். வெளியே, சட்டியிலேயே வேலையை முடித்து, உடைந்த கஞ்சியாகக் கொடுத்தால் வயிற்றுக்குச் சிரமமே இல்லை. இது ஒரு டாக்டருக்கும் தோன்றவில்லை.

நாளைக் காலையிலிருந்து ஆரம்பம். நாளுக்கு மூன்று வேளை. சோறும் உண்டு.

அக்டோபர் 24, ஞாயிறு

பேச்சிக்குக் கஞ்சி பிடித்திருக்கிறது. மாவு உடைந்தால் இலேசாக இனிக்கும்.

"இது என்ன கஞ்சியா, பானக்கமா? இன்னொரு டம்ளர் ஊத்துங்க" என்றாள். பிறகு, "மில்லுல ஊரான் வேட்டியத் தொவைச்சீக. இப்ப என் வயித்தத் தொவைக்கிறீக. காயப்போடுறப்ப மட்டும் பாத்து முறுக்குங்க."

ஏப்பம் குறைந்திருக்கிறது. அவளே சொன்னாள், நான் கேட்டு வாங்கவில்லை. தாகம் மட்டும் கூடியிருக்கிறது. ஊறுகாயை நிறுத்தச் சொன்னேன்.

கஞ்சிக்கு: குருணை ஒரு ஆழாக்கு, தண்ணீர் ஆறு. குழைய வேகவைத்து இறக்கி, விரலை விட்டுப் பத்து எண்ணும் வரை பொறுத்தால் அதுதான் பக்குவம். அதற்குமேல் டய.

அக்டோபர் 27, புதன்

எச்சில் சோதனை. எச்சிலிலும் மாவை உடைக்கும் சரக்கு உண்டு என்று புத்தகத்தில். அவளிடம் அது எவ்வளவு குறைவு என்று தெரிந்தால் டய. அளவைக் கூட்டலாம்.

இரண்டு டம்ளரில் வெறும் கஞ்சி. ஒன்றில் நான் துப்பினேன், ஒன்றில் அவள். துப்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"பொண்டாட்டி எச்சிய அளக்குற புருசன் இந்த ஜில்லாவுல வேற எவனாச்சும் உண்டா? வாசக் கதவச் சாத்துங்க, யாராச்சும் பாத்தா மானம் போயிரும்."

என் டம்ளரில் இருபத்தைந்து நிமிஷத்தில் நீலம் போயிற்று. அவளுடையதில் பதினெட்டு.

அவள் சற்று முன்புதான் வெற்றிலை போட்டிருந்தாள். சுண்ணாம்பு ஏதோ செய்திருக்கும். இதைக் கணக்கில் சேர்க்கப் போவதில்லை. வெற்றிலை போடாத நாளில் மறுபடி பார்க்க வேண்டும்.

சாக்கடை ஞாபகமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் தானாகவே கல்லை நகர்த்தி வைத்திருக்கிறான்.

அக்டோபர் 30, சனி

மேகம். மழை இல்லை. கொல்லையில் கீற்றுத் தட்டி மறைவில் சிற்றெறும்பு. அவள் ஒண்ணுக்குப் போகும் இடம். கஞ்சி டம்ளர்களைக் கழுவி ஊற்றுவதும் அங்கேதான்.

பேச்சி தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எறும்பு மொய்க்குதுங்க."

"இனிப்புக் கஞ்சியக் கழுவி ஊத்துனா மொய்க்கத்தான் செய்யும்."

"எங்கப்பனுக்குக் கடைசில இப்பிடித்தான்..."

"உங்கப்பன் குடிச்சுச் செத்தாரு. அத இதோட சேக்காத."

சாம்பல் தூவிவிட்டேன்.

டப்பா பாதி. அயோடின் கால் சீசா.

நவம்பர் 2, செவ்வாய். தீபாவளி

மழையிலேயே எண்ணெய்க் குளியல். அவள் முதுகுக்கு நான் தேய்த்தேன். எலும்பை எண்ணலாம். காலுக்கு வந்தபோது இடது சுண்டுவிரல் கறுப்பாக இருந்தது. விரலிடுக்கில் புண். எப்போது என்று கேட்டேன். விறகுச் சிராய் குத்தியது, பத்து நாள் இருக்கும் என்றாள். அழுத்தினேன். வலிக்கவில்லை என்றாள். வலிக்காத புண் நல்ல புண்தான். மஞ்சள் பற்று.

அதிரசம் இரண்டு தின்றாள். மேலே டய. கஞ்சி.

பத்து மணிக்கு அலங்காநல்லூரிலிருந்து கருப்பையா வந்தான். அவள் தம்பி. கையில் சேலை, வாழைத்தார். அக்காளைப் பார்த்ததும் தாரைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டான்.

"என்ன மச்சான், ஆளையே காணோம், சேலை மட்டும் நடந்து வருது?"

"வைத்தியம் நடக்குது மாப்ள."

"யாரு பாக்குறது?"

"நான்தான்."

"நீங்க வேட்டிக்கு வைத்தியம் பாத்தவுக. கெளப்புங்க வண்டிய, பெரியாஸ்பத்திரிக்குப் போவம்."

"இன்னும் பத்து நாளு. நடுவுல கலைச்சா ஒண்ணும் தெரியாமப் போயிரும்."

"பத்து நாள்ல எம்புட்டு மிஞ்சும்?"

டம்ளர்களைக் காட்டினேன். நீலம் போனதைக் காட்டினேன். அவன் பார்க்கவே இல்லை. சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். பேச்சி தெருவரை பின்னாலேயே போனாள்.

நவம்பர் 5, வெள்ளி

தராசு. மூன்று மணங்கு, ஏழு வீசை. மறுபடி நிறுக்கச் சொன்னேன். அதே. படிக்கல்லை மாற்றச் சொன்னேன். அதே.

ராமு இன்று விளையாடவில்லை. "தராசுல தப்பில்லண்ணே. அக்காவ இனி நடத்திக் கூட்டியாராதீக."

பதினாலு நாள் கஞ்சி. உடைந்த கஞ்சி, ஒவ்வொரு சட்டியும் சொட்டு விட்டுப் பார்த்தது. ஒரு சட்டியிலும் நீலம் இல்லை. மூன்று வீசை போயிருக்கிறது.

மாவு உடையாததுதான் காரணம் என்றால் இந்த மூன்று வீசை போயிருக்கக் கூடாது.

சாயங்காலக் கஞ்சி கொடுத்தேன். நாளை நிறுத்தம். எறும்பு விஷயத்தைத் தனியாகப் பார்த்துவிட வேண்டும்.

நவம்பர் 7, ஞாயிறு

நேற்று முழுக்கக் கஞ்சி இல்லை. பாத்திரம் எல்லாம் தெருப்பக்கம் கழுவியது. தட்டி மறைவைச் சாணி போட்டு மெழுகி, பழைய சாம்பலையும் எடுத்துவிட்டேன்.

இன்று காலை மூன்று தேங்காய்ச் சிரட்டை. ஒன்றில் கஞ்சி கழுவிய தண்ணீர். ஒன்றில் என் மூத்திரம். ஒன்றில் அவளுடையது. ஒரு முழ இடைவெளி விட்டு வரிசையாக வைத்து முக்காலியில் உட்கார்ந்தேன்.

7.10 வைத்தது.

7.35 அவள் சிரட்டையில் நாலைந்து.

7.50 அவள் சிரட்டை விளிம்பு கறுப்பு. கஞ்சிச் சிரட்டையில் இரண்டு. என்னுடையதில் இல்லை.

8.30 எண்ண முடியவில்லை. கஞ்சிச் சிரட்டைக்கு வந்ததும் திரும்பி அவள் சிரட்டைக்குப் போகிறது.

அவள் சிரட்டையில் அயோடின் விட்டேன். எதற்கு விட்டேன் என்று தெரியவில்லை. நீலம் இல்லை. எப்படி இருக்கும்? அந்தச் சொட்டு மாவைத்தான் காட்டும். மாவு உடைந்து வந்த இனிப்பு எங்கே போகிறது என்பதை அது காட்டாது. இருபத்தொரு வருடம் நான் அதற்கு மேல் பார்த்ததில்லை. துணி வெளுத்தால் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவோம். அது எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்டதில்லை.

பேச்சி உள்ளேயிருந்து, "என்ன தெரிஞ்சிச்சு?" என்றாள்.

"பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

நவம்பர் 8, திங்கள்

அவள் மூத்திரச் சீசாவை மடியில் கட்டிக்கொண்டு தனியாக டவுனுக்கு. கம்பவுண்டர் கையில் நானே கொடுத்தேன். அவன் பல்லைக் காட்டாமல் வாங்கிக்கொண்டான். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

டாக்டர் ஒரு குழாயில் நீலத் தண்ணீர் எடுத்து சீசாவிலிருந்து எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். பச்சை. மஞ்சள். பிறகு செங்கல் நிறம். அடியில் வண்டலாகத் தங்கிவிட்டது.

"நீரிழிவு. நல்லா முத்தியிருக்கு."

தூள் பற்றிக் கேட்டேன். டம்ளர் சோதனை எல்லாம் சொன்னேன், எச்சில் கணக்கு உட்பட. முழுக்கக் கேட்டார்.

"நீங்க பார்த்ததெல்லாம் சரிதான் பெரியவரே. தூள் மாவை உடைக்கும். ஆனா உடைக்கிறதுல அந்தம்மாவுக்கு ஒரு குறையும் இல்லையே. எச்சியே பதினெட்டு நிமிஷத்துல காட்டியிருக்கு. உடைஞ்சு சர்க்கரை ஆகுது. அந்தச் சர்க்கரையத்தான் உடம்பு எடுத்துக்க முடியல, மூத்திரத்துல போகுது. இல்லாத குறைக்கு மருந்து குடுத்திருக்கீங்க." பிறகு, "எத்தனை நாள் குடுத்தீங்க?"

"பதினாலு நாள். மூணு வேளை."

தலையை ஆட்டிக்கொண்டார். திட்டவில்லை. காலில் புண் உண்டா என்றார். சுண்டுவிரலைச் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னைக்கே பெரியாஸ்பத்திரி. வீட்டுக்குப் போய் யோசிக்காதீங்க."

நவம்பர் 9, செவ்வாய்

நேற்று ஜட்கா கிடைத்து ஆஸ்பத்திரி சேர மணி மூன்று. அவளுக்குக் காய்ச்சல். கறுப்பு பாதம் வரை. பேர் எழுதிக்கொள்ளும் ஜன்னலில் குமாஸ்தா.

"இதுக்கு முன்னாடி என்ன மருந்து சாப்பிட்டாங்க?"

"பதினாலு நாள் இனிப்புக் கஞ்சி. குடுத்தது புருசன். எழுதுங்க."

"மருந்தக் கேட்டேன் பெரியவரே, சாப்பாட்டக் கேக்கல."

"அது சாப்பாடு இல்ல. எழுதுங்க."

"அதெல்லாம் இதுல வராது."

பின்னால் வரிசை. "நகருங்கய்யா, எங்க ஆளும் நோவுலதான் கெடக்கு" என்று ஒருத்தி. நகரவில்லை. கடைசியில் ஏதோ எழுதினார். எட்டிப் படித்தேன். 'கஞ்சி' என்று மட்டும். புருஷன் கொடுத்தது என்று எழுத மறுத்துவிட்டார். எழுதும்வரை போகமாட்டேன் என்று நின்றேன். அவள் ஜட்காவிலேயே கிடந்தாள். வண்டிக்காரன் வந்து என் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நினைவு வந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும்.

நவம்பர் 11, வியாழன்

சர்க்கரைக்கு ஊசி, காலை, மாலை. வெளிநாட்டுச் சரக்கு. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார் அறுவை டாக்டர். கையெழுத்துக் கேட்டார். அவளைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்றேன். அவளிடம் எதையும் கேட்டுச் செய்த பழக்கம் எனக்கு இல்லை.

"போடுங்க" என்றாள். "ரெண்டு கால வச்சிருந்தப்ப மட்டும் பழங்காநத்தத்த விட்டு எங்க போயிட்டேன்?"

போட்டேன். பதினொன்றுக்குக் கொண்டுபோனார்கள். ஒன்றரைக்குத் தள்ளுவண்டி திரும்பியது. போர்வை ஒரு பக்கம் தட்டையாக.

துணி பிழிய வராந்தாக் குழாய். டம்ளர் ஒன்று வாங்க வேண்டும். சோறு கூடாது. மோர், கீரை, முட்டை. நர்ஸ் பட்டியல் கொடுத்திருக்கிறாள். பேச்சி பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

நவம்பர் 13, சனி

வெளியே நல்ல வெயில். காய்ச்சல் இறங்கவில்லை. காலையில் கட்டைப் பிரித்தார்கள். கறுப்பு முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கிறது. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இனி வெட்டுவதற்கு இல்லை, இரண்டு நாள், மூன்று நாள் என்றார். ஊசியை நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். சரி என்றார்.

கருப்பையா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாக இங்கேதான். என்னோடு பேச்சில்லை. அவனிடம் போய் நின்றேன்.

"பதினாலு நாள் நான்தான் மாப்ள குடுத்தேன். சர்க்கரைய. மூணு வேளையும்."

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அதற்குத்தான் போனேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"தெரியும் மச்சான். தீவாளியன்னைக்கே அக்கா சொல்லிருச்சு. 'இது நம்ம அப்பனுக்கு வந்ததுதான்டா, எனக்குத் தெரியும்'னுச்சு."

"தெரிஞ்சா ஏன் குடிச்சா?"

"நானும் அதத்தான் கேட்டேன்." துண்டால் மூக்கைத் துடைத்தான். "'கஞ்சி காய்ச்ச ஆரம்பிச்சதுலருந்து இந்த மனுசன் ஒருத்தனோடயும் சண்டைக்குப் போகல, மனு எழுதல. காலைல எந்திரிச்சதும் எம்மூஞ்சியப் பாக்குறாரு. கொஞ்ச நாளு இருக்கட்டும்டா, சொல்லிராத'ன்னுச்சு. நானும் பேசாமப் போயிட்டேன். என்னைய அடிங்க மச்சான்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடிகாரம் பார்க்கவில்லை.

உள்ளே போனேன். விழித்திருந்தாள். உதடு வறண்டு ஒட்டியிருந்தது. ஈரத்துணி வைத்தேன். ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"வெளிய என்ன, தம்பியோட சண்டையா?"

இல்லை என்றேன்.